முள்ளை மடக்காத படை

ஜார் கரடி ஆண்ட வடக்குக் காட்டில், குகை வாசலைக் காவல் காத்தவை முள்ளம்பன்றிகள்.

ஓநாய் இருக்க, காட்டெருமை இருக்க, முள்ளம்பன்றிக்கா அந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கரடி குளிர்காலம் முழுக்கத் தூங்கும். ராஜாவாக இருந்தாலும் தூங்கும். முதல் பனி விழும்போது கண்ணை மூடினால், ஆற்றில் பனிக்கட்டி உடையும்போதுதான் திறக்கும். அத்தனை காலமும் நாட்டை மறந்து குறட்டை விடுகிற ராஜாவுக்கு, வாசலில் நிற்பவன்மேல் முழு நம்பிக்கை வேண்டும். ஓநாயை நிறுத்தினால் ஓநாயே உள்ளே வந்துவிடும். முள்ளம்பன்றியோ மரப்பட்டையும் கிழங்கும் தின்கிற பிராணி. கரடியைத் தின்ன அதற்கு எந்தக் காலத்திலும் ஆசை வராது. இப்படி யோசித்துத்தான் ஒரு பழைய ஜார் கரடி தெற்கிலிருந்து முள்ளம்பன்றிகளை வரவழைத்து, குகைக்குப் பக்கத்துப் பைன் தோப்பில் குடிவைத்தது.

அந்தப் படைக்கு எய்ப்படை என்று பெயர். எய் என்றால் முள்ளம்பன்றி. எய் என்றால் அம்பு விடு என்றும் அர்த்தம். பெயரில் வந்த அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்! முள்ளம்பன்றி தன் முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்று காடே நம்பியது. உண்மையில் எந்த முள்ளம்பன்றியும் எந்த முள்ளையும் எய்ததில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் எதிரிக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாகவே ஓடிப்போய்க் குத்துவதுதான். இதைப் போய் வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா? படை வாயை மூடிக்கொண்டது. புகழ் தன் பாட்டுக்கு வளர்ந்தது.

எய்ப்படைக்குச் சலுகைகள் ஏராளம். பைன் பட்டை முழுக்க அவர்களுக்கே. முள் நுனியில் சிவப்புப் பழச்சாறு பூசிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு மட்டும். அப்பன் படைவீரன் என்றால் பிள்ளையும் படைவீரன். காவல் இல்லாத நேரத்தில் காளான் உலர்த்தி விற்கலாம். கொஞ்ச காலத்தில் காவல் நேரத்திலும் விற்றார்கள் என்பது வேறு கதை.

எய்ப்படைக்கு ஒரே ஒரு வழக்கம் உயிருக்கு மேலானது. சிலிர்த்த முள்ளைக் குத்தாமல் மடக்கக் கூடாது! "முள்ளை மடக்கு" என்று யாராவது சொல்லிவிட்டால், அது அவர்களுடைய தாயைத் திட்டியதற்குச் சமம்.

அந்தப் படையின் தலைவன் சவேலி. தோள் அகன்ற, அதிகம் பேசாத முள்ளம்பன்றி. அதன் முட்கள்தான் படையிலேயே நீளமானவை. கெட்ட பிராணி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருடம் இலையுதிர் காலத்தில் பெரிய ஜார் கரடி செத்துப்போனது. அதன் குட்டி லூகா, பால் மணம் மாறுவதற்குள் ராஜாவானது. அம்மா ஏற்கெனவே இல்லை. லூகாவை வளர்த்தது தீகோன் என்கிற நீர்நாய். செத்துப்போன ராஜாவுக்கு நெருங்கிய நண்பன். லூகா அதைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். தேன் கிடங்கும் தீகோனின் பொறுப்பில்தான் இருந்தது.

தீகோன் நல்லவன். ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

"வாசல்ல நின்னுக்கிட்டு காளான் வியாபாரம் பண்ணாதீங்கப்பா! இது குகையா, சந்தையா?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டது.

எய்ப்படை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. சவேலிக்கும் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னது உண்மை என்று அதற்குத் தெரியும்.

லூகாவுக்குச் சவேலி என்றால் உயிர். சவேலி உதிர்க்கும் முட்களைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் அதற்கு விளையாட்டு. பனி விழப்போகிற நாட்கள் நெருங்கியதும் அது வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

"சவேலி மாமா, நான் தூங்கினப்புறம் நீங்க எங்கேயும் போயிட மாட்டீங்களே?"

"போக மாட்டோம் ராஜா."

"அப்பா தூங்கும்போது போனதில்லையே?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து போனதில்ல. நீ தூங்கி எழுந்திரிக்கிறப்போ நான் இதே இடத்துலதான் நிப்பேன்."

லூகா சிரித்துக்கொண்டே ஒரு முள்ளை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடியது. சவேலிக்கு மனசு நிறைந்துவிட்டது. அதற்குப் பிள்ளைகள் இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது மார்ஃபா என்கிற நரி. அது பெரிய ராஜாவின் சபையில் இருந்தது. குட்டி ராஜா தூங்கும் காலத்தில் நாட்டையும் தேன் கிடங்கையும் தன் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டது. தீகோன் குறுக்கே நின்றது.

நீண்ட தூக்கத்துக்கு முன் கரடிகள் ஆற்றில் குளிப்பது வழக்கம். அந்த வருடம் பனி முந்திக்கொண்டது. ஆற்றின் மேலே பனிக்கட்டி மூடிவிட்டது. தீகோன் அதில் ஒரு துளை போட்டு, லூகாவை உள்ளே இறக்கியது. நீர்நாய் வளர்த்த குட்டியாயிற்றே! இரண்டும் பனிக்கட்டிக்கு அடியிலேயே நீந்தி, குகைக்குப் பின்னால் இருக்கும் ஊற்றில் கரையேறின.

மார்ஃபா அந்தத் துளையைப் பார்த்தது. துளை வரைக்கும் குட்டிக் கரடியின் காலடி இருந்தது. திரும்பி வந்த காலடி இல்லை. நரிக்கு அது போதும். நேரே பைன் தோப்புக்கு ஓடியது.

"ஐயோ, கெட்டோமே! எய்ப்படை இருந்தும் கெட்டோமே!"

"என்ன ஆச்சு?" என்று சவேலி ஓடிவந்தது.

"தீகோன் நம்ம ராஜாவைத் தண்ணியில முக்கிக் கொன்னுட்டான்! நம்பலைன்னா வந்து பாருங்க!"

சவேலி போய்ப் பார்த்தது. காலடி துளையின் விளிம்பில் நின்றுவிட்டது. கறுப்புத் தண்ணீர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. "எங்கேயும் போயிட மாட்டீங்களே?" என்று கேட்ட குரல் அதன் காதில் விழுந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சவேலி வால் முட்களை ஆட்டிச் சலசலத்தது. தலைவன் சலசலத்தால் மொத்தப் படையும் வரவேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. தோப்பு முழுக்கச் சலசலப்பு பரவியது. உலர்த்தியிருந்த காளான்களை மிதித்துக்கொண்டு முள்ளம்பன்றிகள் ஓடிவந்தன. சிவப்பு நுனிகள் எல்லாம் சிலிர்த்து எழுந்தன.

"கொல்லு தீகோனை!" என்று கத்திக்கொண்டே படை குகை வாசலுக்கு வந்தது.

அந்தச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து லூகா வெளியே வந்தது. உடம்பெல்லாம் ஈரம் சொட்டியது. கையில் சவேலி கொடுத்த முள் இருந்தது.

"சவேலி மாமா! ஏன் எல்லாரும் கத்துறீங்க?"

படை அப்படியே நின்றது. லூகாவுக்குப் பின்னால் தீகோன் வந்து நின்றது. அதற்கு விஷயம் ஒரு நொடியில் புரிந்துபோனது.

"ராஜா உயிரோட இருக்கார். பார்த்தாச்சா? கண்டவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு வந்துட்டீங்க. சரி, முள்ளை மடக்கிட்டுப் போங்க!"

அந்த வார்த்தையை அது சொல்லியிருக்கக் கூடாது. வாய் நீளம் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

"மடக்கச் சொல்றான்!" என்று கத்தியது ப்ரோகோர். அது படையில் இரண்டாம் இடத்தில் இருந்த முன்கோபக்கார முள்ளம்பன்றி. "எய்ப்படையைப் பார்த்து முள்ளை மடக்கச் சொல்றான்! கேட்டீங்களா தலைவரே!"

மார்ஃபா சவேலியின் காதருகே வந்தது. "குத்தாம மடக்கினா நாளைக்கு முயல்கூட உங்களை மதிக்காது. முள் எய்யுறது உண்மையான்னு எல்லாரும் யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க."

சவேலிக்கு உண்மை தெரிந்துவிட்டது. நரி பொய் சொன்னது தெரிந்தது. தீகோன் குற்றமற்றவன் என்பது தெரிந்தது. குட்டி உயிரோடு இருப்பதைப் பார்த்ததில் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. முள்ளை மடக்கிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தது. ஆனால் பின்னால் மொத்தப் படையும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தத் தலைவனும் செய்யாததைத் தான் செய்வதா? தோப்பில் எந்த முகத்தோடு நடப்பது? காளான் விற்கிற படை என்று சொன்னவன் முன்னால் வெறுமனே திரும்பிப் போவதா?

சவேலி முதுகைக் காட்டித் திரும்பியது.

படையும் திரும்பியது. பின்பக்கமாக ஓடியது.

முள்ளம்பன்றி குத்தும்போது யாரைக் குத்துகிறோம் என்று அதற்குத் தெரியாது. அது பார்ப்பது எதிர்த்திசையை. சவேலி பார்த்ததும் வெறும் பனியைத்தான். தீகோனின் முகத்தை அது பார்க்கவில்லை. "லூகா, உள்ளே போ!" என்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

லூகா உள்ளே போகவில்லை. அது எல்லாவற்றையும் பார்த்தது.

நரி நினைத்தபடியே நடந்தது. ராஜா சின்னப்பிள்ளை என்று சொல்லி மார்ஃபா ஆட்சியை எடுத்துக்கொண்டது. எய்ப்படைக்குத் தேனும் பட்டையும் வாரிக் கொடுத்தது. குகை வாசலிலேயே ஒரு கட்டையை நட்டு, "ராஜாவைக் காத்த எய்ப்படை வாழ்க" என்று பல்லால் பொறித்துக்கொள்ளவும் அனுமதித்தது. ப்ரோகோர் தினமும் அதைத் துடைத்துவைத்தது. சவேலி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தது.

அந்தக் குளிர்காலத்தில் லூகா தூங்கவில்லை.

ஒருநாள் பகலில் சவேலி உள்ளே எட்டிப் பார்த்தது. குட்டி சுவரோரம் ஒண்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தது.

"தூங்கு ராஜா. நாங்க வாசல்லதானே இருக்கோம்?"

"அதான் மாமா," என்றது லூகா.

சவேலியால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்த குளிர்காலத்திலும் லூகா தூங்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தூங்காத கரடி என்ன செய்யும்? பனியில் திரிந்தது. பசித்துத் திரிந்த ஓநாய்க்குட்டிகளைச் சேர்த்துக்கொண்டது. அவற்றை வரிசையில் நிற்கவைத்து, படை மாதிரி நடக்கவைத்து விளையாடியது.

"பாவம், குழந்தை விளையாடுது!" என்று மார்ஃபா தேனை நக்கிக்கொண்டே சிரித்தது. எய்ப்படையும் சிரித்தது.

காவல் மேட்டில் நின்ற சவேலிக்குச் சிரிப்பு வரவில்லை. லூகா பழைய முட்களைப் பனியில் நட்டு, அவை எத்தனை தூரம் குத்தும் என்று ஓநாய்க்குட்டிகளுக்குக் காட்டியது. "இது பறக்காது. கிட்டப் போனாதான் குத்தும்," என்றது. ஒரு பனிக்குவியலை முள்ளம்பன்றி மாதிரி செய்து, பக்கவாட்டில் மூக்கை நுழைத்துப் புரட்டச் சொன்னது. புரட்டினால் அடிவயிறு மேலே வரும். அடிவயிற்றில் முள் கிடையாது.

சவேலி இதைப் படைக்குச் சொல்லியிருக்கலாம். அல்லது லூகாவின் காலில் விழுந்திருக்கலாம். இரண்டையும் செய்யவிடாமல் வெட்கம் தடுத்தது.

லூகா வளர்ந்து குகை வாசல் அளவு உயரமானது. ஓநாய்க்குட்டிகளும் ஓநாய்களாயின. ஒருநாள் காலையில் லூகா எழுந்து, மார்ஃபாவின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, ஒரு பொந்துக்குள் போட்டுக் கல்லால் அடைத்தது. நரி என்னென்னவோ பேசிப் பார்த்தது. கல்லுக்குக் காது கேட்காது.

எய்ப்படை பயந்துபோய் நின்றது. லூகா அவர்களை ஒன்றும் செய்யவில்லை.

"காட்டோட எல்லையில சதுப்பு நிலத்துக்குக் காவல் வேணும். நீங்க அங்கே போங்க," என்றது. "குடும்பம் இங்கேயே தோப்புல இருக்கட்டும்."

"வாசல் காவல், ராஜா?" என்று கேட்டது சவேலி.

"எனக்கு வேண்டாம்."

சதுப்பு நிலத்தில் பைன் மரம் ஒன்றுகூட இல்லை. அழுகிய நாணலைத் தின்று முள்ளம்பன்றிகள் இளைத்தன. சிவப்புச் சாறு இல்லாமல் முட்கள் வெளுத்தன. சேறு ஒட்டிய முதுகைப் பார்த்து வாத்துகள்கூடக் கேலி செய்தன. வீட்டுக்குப் போக அனுமதி கேட்டு ஆள் அனுப்பினார்கள். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினார்கள். போனவனும் வரவில்லை.

முதல் பனி விழுந்தது. ப்ரோகோர் ஒரு மேட்டில் ஏறி நின்றது.

"எத்தனை நாளைக்கு இங்கே அழுகிக் கிடக்குறது? குகை வாசல் நம்ம பாட்டன் சொத்து! இப்போ குளிர்காலம். குட்டியில தூங்காம திரிஞ்சாலும், இப்போ வளர்ந்த கரடி, தூங்கிக்கிட்டிருக்கும். போய் வாசலைப் பிடிப்போம். முழிச்சு எழுந்திரிக்கும்போது நாம அங்கே நிப்போம். வேற வழியில்லாம நம்மளை ஏத்துக்கும்!"

"ஆமா, ஆமா!" என்று படை கத்தியது. முட்கள் சிலிர்த்து எழுந்தன.

சவேலி குறுக்கே வந்து நின்றது. "அவன் தூங்க மாட்டான்," என்றது.

"வளர்ந்த கரடி குளிர்காலத்துல தூங்காதா? என்ன பேசுறீங்க தலைவரே!"

"இவன் தூங்க மாட்டான். நாமதான்…" சவேலியால் சொல்லி முடிக்க முடியவில்லை. "திரும்பிடுவோம். மடக்குங்க."

படையே அதை வெறித்துப் பார்த்தது. பிறகு ப்ரோகோர் சிரித்தது. "தலைவருக்கு வயசாயிடுச்சு!"

முட்கள் எழுந்தாயிற்று. இனி யார் சொல்லிக் கேட்பார்கள்? அந்த வழக்கத்தைக் கட்டிக் காத்ததே சவேலிதான். அது முன்னால் நடந்தது. சாவதென்றால் தன் ஆட்களோடு சாகலாம் என்று நினைத்தது போலிருக்கிறது.

பனியில் விழுந்து எழுந்து, பாதிப் படை பசியில் தள்ளாடி, ஒரு மத்தியானம் பைன் தோப்பை அடைந்தார்கள். பழைய மரங்களின் வாசனை வந்ததும் சிலர் அழுதார்கள். குகை வாசல் தெரிந்தது. அவர்கள் நட்ட கட்டை அங்கே இல்லை.

வாசலில் லூகா உட்கார்ந்திருந்தது. கண்கள் சிவந்து திறந்திருந்தன. இரண்டு பக்கமும் ஓநாய்கள் வரிசையாக நின்றன.

ப்ரோகோர் ஓரடி பின்வாங்கியது. "ராஜா… தூங்கலையா?"

லூகா அதைப் பார்க்கவே இல்லை. சவேலியைப் பார்த்தது.

"அன்னைக்கு அப்புறம் நான் தூங்கினதே இல்ல, மாமா. கண்ணை மூடினா சலசலப்பு கேக்குது."

சவேலி தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, எய்ப்படை தோன்றியதிலிருந்து எந்த முள்ளம்பன்றியும் செய்யாததைச் செய்தது. குத்தாமலே, ஒவ்வொரு முள்ளாகப் படியவைத்து, உடம்போடு மடக்கியது. மடக்குவது அத்தனை சுலபம் என்று அதற்கு அதுவரை தெரியாது. வலிக்கக்கூட இல்லை.

"மடக்கிட்டேன், ராஜா. என் ஆளுங்களை விட்டுடு."

"அன்னைக்கு மடக்கியிருக்கலாமே?"

"வழக்கம் அப்படி. சிலிர்த்தா குத்தாம…"

"சித்தப்பா பக்கத்துல ஒரு பைன் மரம் நின்னுச்சு மாமா," என்றது லூகா. அதன் குரல் குட்டிக் கரடியின் குரலாக மாறியிருந்தது. "நான் எத்தனையோ வருஷமா அதையே நினைச்சுக்கிட்டிருக்கேன். அந்த மரத்தைக் குத்தியிருந்தா போதுமே. உங்க வழக்கமும் பிழைச்சிருக்கும். சித்தப்பாவும் பிழைச்சிருப்பார்."

சவேலி அந்த மரத்தைப் பார்த்தது. அது இன்னும் அங்கேயேதான் நின்றது, வாசலுக்கு இடப்பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில். இத்தனை காலம் வாசலில் நின்றும் சவேலிக்கு அது தோன்றவே இல்லை. அதன் கண்ணில் நீர் வழிந்தது.

"குத்துங்கடா!" என்று பின்னால் ப்ரோகோர் கத்தியது.

படை வழக்கப்படி முதுகைக் காட்டித் திரும்பியது. ஓநாய்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. பின்பக்கமாக ஓடிவருகிறவனுக்குப் பக்கத்தில் வருபவன் தெரிய மாட்டான். ஓநாய்கள் பக்கவாட்டில் மூக்கை நுழைத்துப் புரட்டின. பனிக்குவியலில் பழகிய பழக்கம். ஒன்றுகூடத் தவறவில்லை.

சவேலி மட்டும் திரும்பவில்லை. முதன்முறையாக அது எதிரே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு ஓநாய் வருவதையும், தனக்கு முன்னால் லூகா முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் பார்த்தது.

மாலையில் பனி விழுந்து எல்லாவற்றையும் மூடியது. அங்கங்கே சில வெளுத்த முட்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. தோப்பிலிருந்த குடும்பங்களை லூகா காட்டைவிட்டே போகச் சொன்னது. எய்ப்படை என்கிற பெயரைக்கூட யாரும் உச்சரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

பிறகு அது குகைக்குள் போய்ப் படுத்தது. வாசலில் ஓநாய்கள் காவல் நின்றன. வெளியே ஒரு சத்தமும் இல்லை. லூகா கண்ணை மூடிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்துகொண்டது.

உண்மை தெரிந்த பிறகும் வீம்புக்காகத் தூக்கிய ஆயுதத்தை இறக்காதவன், தன்னை நம்பியவனின் நிம்மதியைக் கொன்று, அந்த நிம்மதியில்லாதவன் கையாலேயே அழிவான்.